கோலைத் தொடாதீர்கள்

தூண்டில் போட்டவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கற்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித்தந்தது அலாஸ்காவின் கஸிலாஃப் ஆறு. எந்த வேலையிலும் முதலில் நீள்வது என் கைதான்; பொறுத்திருப்பது எனக்கு இயல்பாக வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதப் பகலின் பெரும்பகுதி அந்தக் கை சும்மா இருந்தது.

ஆங்கரேஜிலிருந்து தெற்கே வருகிற மீன்பிடிப் பிரியர்களை இழுப்பது கீனாய் ஆற்றின் பெயர். 1985-ல் அங்கே தூண்டிலில் சிக்கிய ராஜா சால்மனின் எடை 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 44 கிலோ. அந்த உலக சாதனை இன்னும் நிற்கிறது. அதே ஆற்றில் ராஜா சால்மன் குறைந்துகொண்டே போய், 2023-லும் 2024-லும் அதைப் பிடிப்பதற்கே தடை வந்தது.

கஸிலாஃப் சற்றுத் தெற்கே, ஆரவாரம் குறைந்த ஆறு. ஹார்டிங் பனிப்புலத்திலிருந்து இறங்கும் டஸ்டுமெனா பனியாறு பாறையை மாவாக அரைத்துக் கொண்டுவருகிறது. டஸ்டுமெனா ஏரியில் தங்கியும் அந்த மாவு முழுதாகப் படிவதில்லை. ஏரியிலிருந்து கடல்வரை, ஏறக்குறைய 27 கிலோமீட்டரும், தண்ணீர் வெளிறிக் கலங்கியே ஓடுகிறது. மீனுக்கும் அதில் தூரப்பார்வை கிடையாது. அதனால்தான் பளீரென்ற நிறத்தில் பெரிய செயற்கை இரை. அதன் வயிற்றில் நூலால் சுற்றிக் கட்டிய மத்தி மீன் துண்டு.

எங்கள் வழிகாட்டி ஒரு பெண். அவருடைய படகுக்கு அடி தட்டை, இரு முனையும் மேலே வளைந்திருக்கும். ஆரிகன் மாநிலத்து மெக்கென்ஸி ஆற்றில் உருவான வகை. ஆறு போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, அதை எதிர்த்தே அவர் துடுப்பு வலித்தார். படகு கீழ்நோக்கித்தான் போயிற்று, ஆனால் தண்ணீரைவிட மெதுவாக. அந்த வேக வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. படகுக்கு முன்னால் விட்ட இரை நீரோட்டத்தின் அழுத்தத்தில் ஆழத்துக்கு முங்கி நெளிகிறது. படகு இறங்க இறங்க, அடிஅடியாக மீனை நெருங்குகிறது. கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் சால்மன் ஆற்றில் இரை தேடுவதில்லை. வாசலில் வந்து நின்று நச்சரிப்பவனை விரட்டுவதுபோல், எரிச்சலில் கவ்வுகிறது. நச்சரிப்பை அளந்து கொடுப்பவை துடுப்புப் பிடித்த கைகள். மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். நான் உடன் இருந்தேன்.

மோட்டார் ஓசை இல்லை. துடுப்பிலிருந்து சொட்டும் நீரின் சத்தம்கூடக் கேட்டது. மதியத்துக்கு மேல் என் கோலின் நுனி நடுங்கியது; கை தானாகப் போயிற்று.

"தொடாதீர்கள். இன்னும் கவ்வவில்லை, தள்ளிப் பார்க்கிறது."

மறுபடி நடுக்கம். மறுபடி ஒன்றுமில்லை. அவர் இன்னும் அழுத்தி வலித்து, படகை ஏறக்குறைய நிறுத்தியே விட்டார். அந்தச் சில கணங்கள் எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தன என்பதை இப்போதும் உடம்பில் உணர்கிறேன். பிறகு கோல் ஒரேயடியாக நீர்வரை வளைந்தது. "இப்போது எடுங்கள்" என்றார்.

தூண்டில் நரம்பு பாய்ந்தது, நின்றது, மறுபடி பாய்ந்தது. அவர் படகை ஓட்டம் குறைந்த ஓரத்துக்குக் கொண்டுபோனார். மீன் பக்கத்தில் வந்ததும் அவர் முதலில் பார்த்தது எடையை அல்ல. முதுகில், வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் சின்னஞ்சிறு சதைச் செட்டையை. பொரிப்பகத்தில் வளர்த்து, கிளை நதியான க்ரூக்கெட் க்ரீக்கில் விடும் குஞ்சுகளுக்கு அதை நறுக்கிவிடுவார்கள். இந்த மீனுக்கு அது முழுதாக இருந்தது. ஆற்றிலேயே பிறந்த மீன், விட்டுவிட வேண்டியது. நீரைவிட்டுத் தூக்காமல் குறட்டால் முள்ளைக் கழற்றி, நீரோட்டத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டார். அது வாலை அடித்துப் போயிற்று. எனக்கு ஏமாற்றமே இல்லை. மேலே போய் முட்டையிட ஒரு மீன் மிஞ்சியது என்ற மகிழ்ச்சிதான் இருந்தது.

அங்கே போக நினைப்பவர்கள், கிளம்பும் வாரத்தில் அலாஸ்கா மீன், வேட்டைத் துறையின் அவசர ஆணைகளைப் பாருங்கள். பருவத்தின் நடுவிலும் விதிகள் மாறும். ராஜாவுக்குத் தடை இருந்தால் அந்த மீனை விட்டுவிடுங்கள். அனுமதி இருந்தால் துடுப்புப் போடும் வழிகாட்டியைத் தேடிப் போங்கள். அவர் சொல்லும்வரை கோலைத் தொடாதீர்கள்.