முந்நூற்று நான்கு

கல்லூரி மலரிலே கடதாசி விளையாட்டைப் பற்றி எழுதுவது தகுமோ என ஆசிரியப் பெருமக்கள் முகஞ்சுளிக்கக் கூடும். ஆயினும், நம்முள் முந்நூற்று நான்கு ஆடாதவர் எத்துணைபேர்? பணம் வைத்தாடும் சூதுக்கு நான் பரிந்துபேச வரவில்லை. வீட்டு விறாந்தையிற் பாய் விரித்து நால்வர் கூடிப் பொழுதுபோக்காக ஆடும் ஆட்டத்தையே கூறுகின்றேன். அதனை எனக்குக் கற்பித்தவர் என் அம்மான்.

அவர் முதலிற் கற்பித்தது கணக்கு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுங் கடதாசிகள். ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. அதிற் பாதி 152. கேள்வியோ 160இல் தொடங்குகின்றது. ஆகவே, கேட்டவர் பாதிக்கு மேலே எடுத்தாக வேண்டும். எதிராளிகளுக்கு 145 போதும். இதனை மறந்தவரே பெரும்பாலும் தோற்கின்றனர்.

முதல் நான்கு கடதாசிகளில் ஒரு தனி ஜாக்கைக் கண்டு மயங்கிக் கேட்கலாகாது. ஜாக்கும் ஒன்பதும் ஓரினத்திற் சேர்ந்து, துணைக்கு மற்றொன்றும் இருப்பின் அஞ்சாது கேட்கலாம். கவிழ்த்து வைத்த துரும்பை அடிக்கடி நோக்குபவன் தன் முகத்தாலேயே அதனைக் காட்டிக் கொடுப்பான். ஓரினத்தில் எட்டே கடதாசிகள் உள. மூன்றாம் முறை அவ்வினம் இறங்கும்போது எல்லாரும் அதனையே போடுதல் இயலாது. ஒன்பது விழுமுன் ஏஸை நம்பலாகாது. சோடியின் ஜாக் பிடிக்கும் பிடியிலே, கையிலுள்ள பத்தைத் தயங்காது கொடுத்துவிட வேண்டும்.

இந்த இறுதி விதியையே நான் மீறினேன்.

1962ஆம் ஆண்டு, ஆவணி விடுமுறை. அம்மானும் நானும் ஒரு சோடி. அயல்வீட்டுப் பெரியவர் இருவர் எதிர்ச்சோடி. அம்மான் 160 கேட்டார். கிளாவர் ஜாக்கை இறக்கினார். என் கையிற் கிளாவர்ப் பத்தும் ஏழும் இருந்தன. பத்தாலே நானும் ஒரு பிடி பிடிக்கலாமென்னும் ஆசையால் ஏழைப் போட்டேன். பின்னர் எதிராளி கிளாவர் ஒன்பதை இறக்க, என் பத்து அதனோடு சென்றது. எண்ணிப் பார்த்தோம். எங்களுக்கு 152, அவர்களுக்கும் 152. அந்தப் பத்து எங்கள் பக்கம் இருந்திருப்பின் 162 ஆகியிருக்கும்.

எதிராளிகள் நகைத்தனர். "நான்தான் கூடக் கேட்டுப்போட்டன்" என்றார் அம்மான். நான் வாய்திறவாது இருந்தேன். ஆட்டத்திலே தோற்றதிலும் அந்த மௌனமே என்னை நெடுநாள் உறுத்திற்று.

1992இல் அம்மான் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். காணச் சென்ற நான், அன்றைய பத்தைப் பற்றிக் கூறி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது பாயிலை விழேக்கையே எனக்குத் தெரியும், தம்பி."

"பின்னை ஏன் அம்மான் ஒண்டும் சொல்லேல்லை?"

"முன்னாலை இருக்கிற சோடியை வெருட்டினால், அடுத்த கையை ஆரோடை விளையாடுறது?"

மாணவத் தம்பியரே, சோடியின் பிடியிலே பத்தை ஒளியாதீர்கள். ஒளித்துவிட்டால், அன்றிரவே ஒப்புக்கொள்ளுங்கள். எனக்கு முப்பது ஆண்டுகள் சென்றன.