துமி என்கிற கத்தி

இன்னைக்குக் கோயில் வேலையைப் பத்தி இல்ல. தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கத்தி ஒண்ணைப் பத்தி எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அதோட பேரு துமி. நம்ம தமிழ்லயும் துமித்தல்னா வெட்டுதல். அதை வச்சு "அவங்களும் தமிழங்கதான்"னு யாரும் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. சத்தம் ஒத்துப் போகுது, அவ்வளவுதான்.

பிடி நேரா இருக்கும், அலகு அரைவட்டமா பிறை மாதிரி இருக்கும். மோச்சே, சிக்கான், சிமு, இன்கா மக்கள் எல்லாரும் இதைச் செஞ்சிருக்காங்க. இரும்புப் பொருள் செய்யிற ஃபேக்டரியில வேலை பார்க்கிறவன் நான். எனக்குப் பெரிய ஆச்சரியம் அவங்க பட்டறைதான். ஆயிரம் வருசத்துக்கு முன்ன, பத்தான் கிராண்டேங்கிற இடத்துல சிக்கான் மக்கள் சின்னச் சின்ன உலை வச்சு, குழாய்ல வாயால ஊதியே தாது உருக்கியிருக்காங்க. செம்போட ஆர்செனிக் கலந்ததால உலோகம் வெறும் செம்பைவிடக் கெட்டியாச்சு.

பலி கொடுக்க இந்தக் கத்தி பயன்பட்டது. லாமா மட்டும் இல்ல, மோச்சே மண்பாண்டங்கள்ல கைதிகளோட கழுத்தை அறுக்கிற காட்சியும் இருக்கு. அதை மறைச்சுப் பேசக்கூடாது. இப்பவும் ஜூன் 24ஆம் தேதி குஸ்கோ நகரத்துச் சூரியத் திருவிழாவில் லாமா பலி காட்டுவாங்க, ஆனா அது வெறும் நடிப்பு.

அதே மண்ணுல மண்டை ஓட்டைத் திறந்து வைத்தியமும் நடந்திருக்கு. அப்படித் துளை போட்ட மண்டை ஓடுகள் பெருவில் 800க்கு மேல கிடைச்சிருக்கு. கூரான கல்லாலயும் உலோகக் கத்தியாலயும் எலும்பைச் சுரண்டியிருக்காங்க. துளையோட ஓரம் வழவழன்னு ஆறியிருந்தா, ஆள் பிழைச்சு ரொம்ப நாள் வாழ்ந்தார்னு அர்த்தம். 2018ல் வந்த ஓர் ஆய்வுப்படி, கி.மு. 400க்குப் பிறகான ஆரம்ப காலத்துல பிழைச்சவங்க பாதிக்கும் குறைவு. இன்கா காலத்துல 75லிருந்து 83 விழுக்காடு. துளையைச் சின்னதாக்கி, மூளையைச் சுத்தியிருக்கிற சவ்வைத் தொடாம வேலை செய்யப் பழகியிருக்காங்க.

என் மச்சான் மோட்டார் சைக்கிள்ல விழுந்து தலையில ரத்தம் கட்டினப்ப, மண்டையைத் திறக்கணும்னு டாக்டர் சொன்னார். கையெழுத்துப் போட என் தங்கச்சிக்குக் கை ஓடல. "அண்ணே, பிழைப்பாரா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. பெருவில் அந்த ஒவ்வொரு மண்டை ஓட்டுக்கும் வெளியே இப்படி ஒருத்தி உக்காந்திருப்பா. மச்சான் பிழைச்சது, அவங்க மாதிரி யாரோ எங்கேயோ தலைமுறை தலைமுறையா கத்தியை இன்னும் கவனமா பிடிக்கக் கத்துக்கிட்டதாலதான்னு நினைக்கிறேன்.

லம்பாயேக்கே பகுதியில 1930கள்ல கிடைச்ச தங்கத் துமி ஒண்ணு, கிட்டத்தட்ட ஒரு கிலோ. 1981ல் லீமா அருங்காட்சியகத்திலிருந்து திருடி உருக்குலைச்சிட்டாங்க. தங்கம் போச்சு. ஆறின எலும்பு இன்னும் சாட்சி சொல்லுது.

மச்சான் இப்ப வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் வெட்ட வர்றார். நீங்களும் வாங்க. வெட்டி முடிச்சதும் கத்தியைக் கழுவி, எடுத்த இடத்துலயே வச்சிட்டுப் போங்க.