பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பேதம் இல்லை. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தாலும் ஊர்ப்பெயரின் முதலில் நின்றாலும் அகரம் அகரம்தான். அதற்குத் தனி உடுப்பு கிடையாது. தமிழ்ப்பள்ளியில் நாம் திட்டு வாங்கியதெல்லாம் குறில் நெடிலுக்கும் லகர ளகரத்துக்கும்தான். 'பள்ளி'க்குப் போனேன் என்பதை 'பல்லி'க்குப் போனேன் என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். ஆசிரியர் கோபித்ததில் நியாயம் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் ஒருவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் ஆள் மாறிவிடுவதில்லை. நம் அடையாள அட்டையில் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில்தான் இருக்கிறது. அதற்காக யாரும் நம்மை வேறு ஆள் என்று சொல்வதில்லை.

கணினி சொல்லும். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஆஸ்கி அட்டவணையில் பெரிய 'ஏ'யின் எண் 65. சிறிய 'ஏ'யின் எண் 97. நமக்கு அவை ஓர் எழுத்தின் இரு வடிவங்கள். யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸுக்கோ அவை 32 எண்கள் தள்ளி நிற்கும் இரு வேறு குறிகள். பயனர் பெயரை அது எண்களின் வரிசையாக மட்டுமே பார்க்கிறது. பழைய யூனிக்ஸில் இதற்கொரு சலுகை இருந்தது. அக்காலத்து 'டெலிடைப் 33' போன்ற கருவிகளில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. எனவே ஒருவர் தம் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் தட்டினால், 'பாவம், இவரிடம் சிறிய எழுத்து இல்லை போலும்' என்று முடிவுசெய்து, எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக மாற்றிக்கொள்ளும். எவ்வளவு பண்பான இயந்திரம்!

இன்றைய பல்கலைக்கழகங்களில் கணினிக்கொரு கணக்கு வைத்துக்கொள்வதில்லை. மாணவர் அனைவரின் பெயரும் கடவுச்சொல்லும் ஒரே கோப்பகத்தில் இருக்கும். பெரும்பாலும் அது மைக்ரோசாப்டின் 'ஆக்டிவ் டைரக்டரி'. அந்தக் கோப்பகம் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே துபாஷியாக நிற்பது 'எஸ்.எஸ்.எஸ்.டி.' என்னும் நிரல். ஆக்டிவ் டைரக்டரியோடு இணைக்கும்போது, நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை, அது எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தாக்கியே லினக்ஸிடம் கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாசலில் இன்னொருவர் நிற்கிறார்: தொலைவிலிருந்து நுழைபவர்களை அனுமதிக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எச்.' அதன் அமைப்புக் கோப்பில் 'அலவ் யூசர்ஸ்' என்றொரு வரி எழுதலாம். அந்த வரியில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே அனுமதி. துபாஷி கொடுத்த பெயரை அந்த வரியோடு அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்.

என் தோழி ஒருத்தி மாட்டிக்கொண்டது இங்கேதான். எங்கள் பயனர் பெயர் மெட்ரிக் எண்ணேதான். அது ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கும். மாணவர் அட்டையில் அவ்வெழுத்து பெரியதாக அச்சிடப்பட்டிருக்கும். (தமிழ் எழுத்தில் இதை எழுதிக்காட்ட முயன்றேன், இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. வாசகர்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.) இறுதியாண்டுத் திட்டப்பணிக்கான சர்வரில் முதலில் பதிந்த எங்கள் எண்களை யாரோ சிறிய எழுத்தில் தட்டியிருந்தார்கள். தாமதமாகப் பதிந்தவர்களின் எண்களை அலுவலகப் பட்டியலிலிருந்து அப்படியே ஒட்டிவிட்டார்கள், பெரிய எழுத்தில். துபாஷி கொடுப்பது சிறிய எழுத்து. வாசலில் எழுதியிருப்பது பெரிய எழுத்து. இனி அவள் எப்படித் தட்டினாலும் கதவு திறக்காது. ஆய்வுக்கூடத்து விண்டோஸ் கணினியிலோ அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் உடனே வேலை செய்தன.

இதில் கொடுமை என்னவென்றால், பெயர் பட்டியலில் இல்லை என்று சர்வர் வெளியே சொல்லாது. சொன்னால், எந்தப் பெயர் இருக்கிறது, எது இல்லை என்று திருடனுக்குத் தெரிந்துவிடுமாம். ஆகவே எப்போதும்போல் கடவுச்சொல்லைக் கேட்கும். அவள் சரியாகவே தட்டுவாள். சர்வரோ அவள் தட்டியதைத் தள்ளிவிட்டு, வேண்டுமென்றே ஒரு பொய்க் கடவுச்சொல்லைச் சரிபார்ப்புக்கு அனுப்பும். கோப்பகம் அதைத் தவறென்று எண்ணிக் கணக்கில் வைக்கும். எங்கள் கோப்பகத்தில் ஐந்து தவறுக்குப் பிறகு கணக்கு பூட்டப்படும். அதன்பின் விண்டோஸும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை.

உதவி முகப்பில் இருந்தவர் ஒவ்வொரு முறையும் "லூப்பா லாகி?" என்று கேட்டிருக்கிறார். மறுபடியும் மறந்துவிட்டாயா என்று! மூன்று முறை கணக்கைத் திறந்துவிட்டார். மூன்று முறையும் படிவத்தில் காரணம் 'கடவுச்சொல் மறதி'. மூன்றாம் முறைக்குப் பிறகு, "உண்மையிலேயே எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்று என்னிடம் கேட்டாள். சிரிக்கத் தோன்றவில்லை. தோட்டத்துப் பள்ளியிலிருந்து தேசியப் பள்ளிக்குப் போய், பெயரில் உள்ள சாய்கோட்டைப் படிவங்கள் ஏற்க மறுக்கும்போதெல்லாம் நாமே ஏதோ பிழை செய்ததாக எண்ணிப் பழகியவர்கள் நாங்கள். இயந்திரம் 'இல்லை' என்றால் முதலில் நம் மேல்தான் சந்தேகம் வரும்.

ஆய்வுக்கூட உதவியாளரிடம் சொல்லிப் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். உள்ளே மட்டும் தெளிவாக எழுதியிருந்தது: இன்னாருக்கு அனுமதி இல்லை, 'அலவ் யூசர்ஸ்' வரியில் அவர் பெயர் இல்லை. அந்த ஒரு வரியைப் படிக்க அரை நிமிடம் போதும். இரண்டு வாரம் யாரும் படிக்கவில்லை. பிறகு 'கெட்டென்ட்' கட்டளையைக் கொடுத்து, லினக்ஸ் அவளை எந்தப் பெயரால் அறிந்திருக்கிறது என்று பார்த்தோம், சிறிய எழுத்து. உதவியாளர் பெயர்ப்பட்டியலையே நீக்கிவிட்டு, 'அலவ் குரூப்ஸ்' வரியில் கோப்பகத்துக் குழு ஒன்றின் பெயரை, சிறிய எழுத்தில், போட்டார். பெயர்களை வரிசையாகத் தட்டுவதைவிட அதுவே மேல் என்பது என் கருத்தும். தாமதமாகப் பதிந்த மற்றவர்களும் அன்று மாலையே உள்ளே நுழைந்தார்கள். அவர்களில் சிலர் இதுவரை வாய்திறந்து கேட்கவே இல்லை.

தாமதத்திற்காகக் கழித்த மதிப்பெண்களை, பதிவேட்டின் நகலைப் பார்த்த பிறகு விரிவுரையாளர் திருப்பித் தந்தார். உதவி முகப்பின் கோப்பில் உள்ள மூன்று படிவங்களையும் திருத்தச் சொல்லி அவள் கடிதம் எழுதியிருக்கிறாள். பெயரையும் மெட்ரிக் எண்ணையும் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்பது அந்தக் கடிதப் படிவத்தின் விதி.