காஞ்சிக்கு வந்த சீன மாணவர்

காஞ்சிபுரம் என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் உள்ளத்தில் எழும் காட்சி எது? வானளாவிய கோபுரங்களா? மணப்பெண்ணின் தோளில் மின்னும் பட்டுச் சேலையா? நெடுநாள் வரை எனக்கும் அவ்விரண்டே நினைவுக்கு வந்தன. அண்மையில் என் தமக்கை மகளின் நிக்காஹ்வுக்குச் சேலை எடுக்க அவ்வூருக்குச் சென்று திரும்பிய பின்னர் மூன்றாவதாக ஒரு காட்சியும் சேர்ந்துகொண்டது. கல்வியைத் தேடி, பாலையையும் பனிமலையையும் கடந்து, காஞ்சி வரை வந்த ஒரு மாணவரின் காட்சி அது. அவரைப் பற்றி உங்களிடம் கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு.

ஒரு தாயின் கேள்வி

நான் புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, எங்கள் மதரஸாவில் ஓதி முடித்துப் பின்னர் கல்லூரிப் பட்டமும் பெற்ற ஒரு மாணவனின் தாயார் என்னைத் தேடி வந்தார். வாசற்படிக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

"ஹஜ்ரத், பிள்ளை இந்தோனேசியாவுக்குப் போகணும்னு ஒரே பிடியா நிக்கிறான். ஒரு வருஷம் அங்கே தங்கிப் படிக்கிறதாம். சாயங்காலம் அனாதைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறதாம். சம்பளம் கிடையாதாம், சாப்பாடும் தங்க இடமும் மட்டும்தானாம். அத்தா இல்லாத பிள்ளை. கடல் தாண்டி அனுப்பிட்டு நான் எப்படித் தூங்குவேன்? நீங்க போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னாக் கேட்டுக்குவான்."

நான் உடனே விடை கூறவில்லை. "காஞ்சிபுரம் போய் வந்ததும் சொல்கிறேன் அம்மா" என்று அனுப்பிவிட்டேன். கல்விக்காக ஊர் விட்டு ஊர் செல்லுங்கள் என்று இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் போதித்து வருபவன் நான். ஆயினும், அந்தத் தாயின் கண்ணீருக்கு முன்னால் எனக்கு ஒரு சொல்லும் எழவில்லை. அக்கேள்வியைச் சுமந்துகொண்டுதான் பேருந்தில் ஏறினேன்.

தறியின் அருகில்

காஞ்சியில் ஒலிமுகமதுபேட்டையில் உறவினர் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை அவர் என்னைப் பிள்ளையார்பாளையத்தில் தமக்குப் பழக்கமான ஒரு நெசவாளர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். தெருவுக்குள் நுழையும்போதே தறிகளின் ஓசை கேட்டது. குழித்தறியில் அமர்ந்திருந்த பெரியவர், கோர்வை நெசவு என்றால் என்னவென்று பொறுமையாக விளக்கினார். சேலையின் உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம். அதற்கென மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு கோக்கப்படுகின்றன. நெய்பவர் ஒருபுறம் இருக்க, மறுபுறக் கரையின் நாடாவை வாங்கித் தர அருகில் ஒரு துணையாள் வேண்டும்.

"இந்தப் பட்டு இவ்வூரிலேயே விளைகிறதா ஐயா?" என்று அறியாமல் கேட்டுவிட்டேன். பெரியவர் சிரித்தார்.

"இங்கே ஏதுங்க? நூல் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வருது. ஜரிகை சூரத்திலிருந்து வருது. கை மட்டும்தான் எங்க ஊரு."

அச்சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. பட்டுப்புழு வளர்ப்பே முதன்முதலில் தோன்றியது சீனத்தில் அல்லவா? நெடுங்காலம் அக்கலையை அந்நாட்டார் பிறருக்குக் கற்பிக்காமல் காத்து வந்தனர். கிழக்கு நாட்டு இளவரசி ஒருத்தி, கோத்தான் நாட்டு மன்னனுக்கு மணமுடிக்கப்பட்டுச் செல்லும்போது, பட்டுப்புழுவின் முட்டைகளையும் மல்பெரி விதைகளையும் தன் தலை அலங்காரத்துக்குள் மறைத்து எடுத்துச் சென்றாள் என்றொரு கதை உண்டு. அக்கதையைக் கோத்தானில் கேட்டு எழுதி வைத்தவர் யுவான் சுவாங். கல்லூரியில் வரலாறு படித்த நாட்களில் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த பெயர் அது. அவர் இதே காஞ்சிக்கு வந்தவர் என்பது அந்தத் தறியின் அருகில்தான் என் நெஞ்சில் உறைத்தது.

அனுமதியின்றி ஒரு பயணம்

யுவான் சுவாங் பௌத்தத் துறவி. அவர் மார்க்கம் வேறு, நம் மார்க்கம் வேறு. ஆயினும், கல்விக்காக அவர் பட்ட பாடு எம்மார்க்கத்து மாணவனுக்கும் பாடமாகத் தக்கது. தம் நாட்டில் கிடைத்த நூல்களின் மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டிருந்தன. மூல நூல்களை அவை பிறந்த நாட்டிலேயே கற்க வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். அந்நாளில் எல்லை கடந்து செல்ல அரசின் தடை இருந்தது. அவர் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. ஏறத்தாழ 629-ஆம் ஆண்டில், இருபத்தேழு வயது அளவில், அவர் மறைவாகவே புறப்பட்டார்.

எல்லைக் காவற்கோபுரத்திலிருந்து அவர்மீது அம்புகள் எய்யப்பட்டன. பாலைவனத்தில் தண்ணீர்ப் பை கை நழுவி விழுந்து, இருந்த நீரெல்லாம் மணலில் கொட்டிப் போயிற்று. நான்கு இரவுகளும் ஐந்து பகல்களும் ஒரு துளி நீரின்றித் தவித்தார். தூர்பான் நாட்டு மன்னர் அவர்மீது கொண்ட பேரன்பினால் தம்மிடமே இருக்குமாறு தடுத்து வைத்தபோது, உணவு உண்ண மறுத்து விடுதலை பெற்றார். பின்னர் அம்மன்னரே வழிச்செலவும், வழியிலுள்ள அரசர்களுக்கு அறிமுகக் கடிதங்களும் கொடுத்து அனுப்பினார்.

நாளந்தாவை அடைந்தபோது அங்குத் தலைமை ஆசிரியராக இருந்தவர் சீலபத்திரர். நூறு வயதைக் கடந்த முதியவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். நாளந்தாவின் வாயிலிலேயே நுழைவுத் தேர்வு நடக்கும். பத்துப் பேர் வந்தால் ஏழெட்டுப் பேர் தோற்றுத் திரும்புவர். அத்தகைய இடத்தில், அயல்நாட்டு மாணவரான யுவான் சுவாங்குக்கு நாள்தோறும் மகாசாலி என்னும் உயர்ந்த அரிசியும், பாக்கும், கற்பூரமும் படியாக அளிக்கப்பட்டன. அவரும் வெறுமனே பெற்றுக்கொண்டு இருந்துவிடவில்லை. தாம் கற்றதை அங்குள்ள மாணவர்களுக்கு விரிவுரையாகக் கூறும் பணியை ஆசிரியரின் கட்டளைப்படி ஏற்றுச் செய்தார்.

காஞ்சியில் அவர் கண்டது

ஏறத்தாழ 640-ஆம் ஆண்டில் அவர் தெற்கே பயணம் செய்து காஞ்சியை அடைந்தார். அது முதலாம் நரசிம்மவர்ம பல்லவரின் ஆட்சிக்காலம். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும், அவற்றில் பதினாயிரம் துறவிகளும், ஏறத்தாழ எண்பது தேவ ஆலயங்களும் இருந்தன என்றும், சமணர் பலர் வாழ்ந்தனர் என்றும் அவர் எழுதியுள்ளார். இவ்வூர் மக்கள் துணிவுடையவர்கள், நம்பத்தக்கவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்பது அவருடைய சான்று.

மாலையில் உறவினரும் நானும் ஊரின் மேற்கே கைலாசநாதர் கோயில் இருக்கும் பக்கமாக நடந்து சென்றோம். இராஜசிம்ம பல்லவர் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் அது. அத்துணைப் பழமையான கட்டடமும் யுவான் சுவாங் வந்து சென்றதற்கு இரண்டு தலைமுறை பிந்தியது! அவர் கண்ட பள்ளிகளில் ஒன்றுகூட இன்று நிலைத்திருக்கவில்லை. ஆயினும், அவர் வந்த காரியம் என்னவாயிற்று என்பதைக் கேளுங்கள்.

காஞ்சியிலிருந்து கடல்வழியாக இலங்கைக்குச் செல்வதே அவருடைய எண்ணம். மூன்று நாள் கப்பற் பயணம். ஆனால், அதே வேளையில் இலங்கையிலிருந்து முந்நூறு துறவிகள் அளவில் காஞ்சிக்கு வந்திருந்தனர். அங்கே மன்னர் இறந்துவிட்டார், பஞ்சம் நிலவுகிறது, ஆகவே தஞ்சம் தேடி வந்தோம் என்றனர். யுவான் சுவாங் அவர்களிடம் தம் ஐயங்களைக் கேட்டார். சீலபத்திரர் கற்பித்ததற்கு மேலாக அவர்களிடம் விளக்கம் கிடைக்கவில்லை. எனவே, இலங்கைப் பயணத்தைக் கைவிட்டார்.

அந்தச் சீலபத்திரருக்குக் கற்பித்த ஆசிரியர் யார்? தருமபாலர். அவர் பிறந்த ஊர் எது? இதே காஞ்சிபுரம்! உயர் அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்து, அரசன் மகளை மணக்கவிருந்த இரவில் ஊரை விட்டு அகன்று, வடக்கே சென்று, நாளந்தாவின் தலைமையை எய்தியவர் அவர் என்று யுவான் சுவாங்கே குறித்துள்ளார். காஞ்சியிலிருந்து ஒரு மகன் வெளியேறினான். அவனுடைய கல்வி, சீலபத்திரர் வழியாக ஒரு சீன மாணவரின் நெஞ்சில் ஏறி, அம்மகன் பிறந்த மண்ணுக்கே திரும்பி வந்தது. அன்று மணக்கோலம் காண இருந்த தருமபாலரின் தாய் எவ்வளவு அழுதிருப்பாள் என்று எண்ணியபடி அத்தெருவில் நடந்தேன்.

பாத்திரம் ஏந்தி வந்த இளம்பெண்

காஞ்சிக்குப் பணி செய்ய வந்த இளையோரைப் பற்றித் தமிழ்க் காப்பியமும் பேசுகிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை எண்ணிப் பாருங்கள். அமுதசுரபி என்னும் பாத்திரம் பெற்ற அவள் சாவக நாட்டுக்குச் செல்கிறாள். சாவகம் என்பது இன்றைய இந்தோனேசியாவின் ஜாவா என்பர் அறிஞர். பின்னர் வஞ்சியில் ஆண் துறவியின் வேடத்தில் பல சமயத்து அறிஞர்களிடமும் சென்று பாடம் கேட்கிறாள். காஞ்சியில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்ததை அறிந்து இங்கு வந்து பசித்தோருக்கெல்லாம் உணவளிக்கிறாள். இங்கேயே அறவண அடிகளிடம் கல்வியும் பெறுகிறாள். கற்பதும் தொண்டு செய்வதும் ஒரே பயணத்தில் அடங்கும் என்று நம் முன்னோர் கருதியிருக்கின்றனர்.

அச்சம் வீண் அச்சமன்று

அதே வேளையில், அந்தத் தாயின் அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற இளைஞன் தன் ஆசிரியருடன் காஞ்சியின் கடிகையில் படிக்க வந்தான். கடிகை என்பது உயர்கல்விக்கூடம். இங்கே பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு நேர்ந்த பூசலில் அவன் மனம் புண்பட்டது. ஏட்டைக் கீழே வைத்து வாளை ஏந்தினான். கடம்ப அரசை நிறுவினான். கர்நாடகத்தின் தாளகுந்தாக் கல்வெட்டு இதைக் கூறுகிறது. கல்வியை மதிக்கும் ஊரிலும் வெளியூர் மாணவனுக்கு அவமதிப்பு நேரலாம். ஆகவே, கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை அனுப்புவது பொறுப்பாகாது.

நம் வரலாற்றிலும் ஒரு தாய் உண்டு. இமாம் புகாரி அவர்கள் சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர்கள். பதினாறு வயதில் தாயுடனும் சகோதரருடனும் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். கடமை நிறைவேறியதும் தாயும் சகோதரரும் புகாராவுக்குத் திரும்பினர். மகன் கல்விக்காக மக்காவிலேயே தங்கிவிட்டார்கள். அந்தத் தாய் மகனின் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தால், பின்னாளில் அவர்கள் மேற்கொண்ட நெடும் பயணங்களும் தொகுத்த நூலும் நமக்குக் கிடைத்திருக்குமா?

தாய்க்குச் சொன்ன விடை

ஊர் திரும்பியதும் அந்தத் தாயையும் மகனையும் அழைத்தேன். யுவான் சுவாங்கின் கதையையும் இமாம் அவர்களின் கதையையும் கூறினேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

"அந்த இமாமோட அம்மா ஊருக்குத் திரும்பிட்டாங்களா ஹஜ்ரத்?"

"ஆம் அம்மா."

"அப்ப அவங்களும் தூங்காமத்தான் இருந்திருப்பாங்க" என்றார்.

பிறகு மகனிடம் நான் சில நிபந்தனைகளை வைத்தேன். அந்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அம்மாவிடம் எழுத்தில் இருக்க வேண்டும். அங்கு முன்பு பணியாற்றித் திரும்பிய ஒருவரிடம் நாமே பேச வேண்டும். அழைப்பவர்கள் எதைச் சொன்னாலும், படிக்கவும் பணி செய்யவும் உரிய விசாவில் மட்டுமே செல்ல வேண்டும். பாஸ்போர்ட்டும் திரும்பும் பயணச்சீட்டும் அவன் கையிலேயே இருக்க வேண்டும். வாரம் தவறாமல் அம்மாவுடன் பேச வேண்டும்.

இறுதியாக ஒன்று கேட்டேன்: "திரும்பி வந்து நமக்கு என்ன கொடுப்பாய்?"

யுவான் சுவாங் 645-ஆம் ஆண்டில் தம் நாட்டுக்குத் திரும்பினார். வழியில் சிந்து நதியைக் கடக்கையில் படகு தள்ளாடி ஐம்பது சுவடிகள் நீரில் போயின. அவற்றுக்கு மாற்றுப் படிகள் எழுதுவித்த பின்னரே மேலே சென்றார். இருபது குதிரைகள் சுமந்து வந்த 657 நூல்கள் அவருடைய பயணத்தின் செல்வம். பேரரசர் பதவி தர முன்வந்தபோது அதை மறுத்து, 664-ல் இறக்கும் வரை பத்தொன்பது ஆண்டுகள் மொழிபெயர்ப்பிலேயே ஆழ்ந்தார். 74 நூல்கள் சீன மொழிக்கு வந்தன.

இதைச் சொன்னதும், திரும்பி வந்து இரண்டு ஆண்டுகள் நம் மதரஸாவில் மாலை வகுப்பு எடுப்பதாக அந்த மாணவன் தாயின் முன்னிலையில் வாக்களித்தான். வரும் மாதம் புறப்படுகிறான், இன்ஷா அல்லாஹ்.

அன்பு வாசகர்களே! உங்கள் இல்லத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். மகனாக இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம். விசாரித்துப் பாருங்கள், ஆலோசனை கேளுங்கள், நிபந்தனை வையுங்கள். எல்லாம் சரியாக இருப்பின் துஆச் செய்து அனுப்பி வையுங்கள். வெளியூரிலிருந்து ஒரு பிள்ளை படிப்பதற்காக உங்கள் தெருவுக்கு வந்தால், அவனுக்கும் ஒரு தாய் எங்கோ உறங்காமல் இருக்கிறாள் என்பதை நினைவில் கொண்டு அன்போடு நடத்துங்கள். எங்கெங்கோ விளைந்த நூல் காஞ்சியின் கையால் சேலையாவது போல, அயலூரில் பெற்ற கல்வி நம் பிள்ளைகளின் கையால் நம் ஊருக்குப் பயன்படட்டும். வல்ல இறைவன் அருள்புரிவானாக!