செல்போண் நல்கிய பாடம்

சென்ற ஆண்டு விடுமுறையில், இங்கிலாந்தில் வதியும் தமையனாரைக் காணச் சென்ற யான், ஹம்ஷயர்ப் பகுதியிலுள்ள செல்போண் என்னுஞ் சிற்றூரைக் கண்டுவரும் பேறு பெற்றேன்.

ஊரின் பின்னே பீச் மரங்கள் அடர்ந்த குன்று. அதன்மேல் வளைந்து வளைந்தேறும் பாதையை 1753 இல் தம்பியாருடன் வெட்டியமைத்தவர் கில்பேட் வைற் என்னும் மதகுரு. தேவாலய முற்றத்திலே அவர் அளந்து 23 அடி சுற்றளவெனக் குறித்த யூ மரம் 1990 ஆம் ஆண்டுப் புயலில் வீழ்ந்தது, அடிமரமே எஞ்சியுள்ளது. அவர் கல்லறையோ, பெயரின் முதலெழுத்துக்களும் 1793 இல் இறந்த நாளும் மட்டும் பொறித்த சிறு கல்.

பிறந்த ஊரின் புள்ளையும் புல்லையும் ஆண்டாண்டாக உற்றுநோக்கி, உருவால் ஒத்த மூவகைக் குருவிகளைப் பாட்டினாலேயே வேறுபிரித்தறிந்தவர் அவர். 1789 இல் வெளிவந்த அவரது நூல் இன்றும் பயிலப்படுகின்றது.

அக்கல்லின் முன்னே நாணி நின்றேன். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் மாணவரை மனனஞ் செய்வித்தவன் யான். “ஐயா, இவற்றுள் நம்மூரிற் பூப்பவை எவை?” என்று ஒருவன் வினவியபோது, “பரீட்சைக்கு அது வேண்டியதில்லை” என்று அவனை இருத்திவிட்டேன்.

ஊர் மீண்டதும் அவ்வகுப்பை வேலிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். தும்பை, ஆவிரை, கொன்றை என ஆறு பூக்களை இனங்கண்டோம். அவற்றுள் நான்கைக் காட்டித் தந்தவன் அம்மாணவனே.