நாட்காட்டி ஓவியர் கொண்டையராஜு

ஓவியக்கலை என்றவுடன் அரண்மனையும் அருங்காட்சியகமுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஏழையின் மண்சுவரில் ஓராண்டு தொங்கி மறையும் நாட்காட்டிப் படத்தைக் கலையென ஏற்கத் தயங்குகிறோம். அத்தயக்கம் தகுமா?

1898-இல் பிறந்த கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சிலகாலம் திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் துறவியாய் வாழ்ந்தவர். பின்னர் நாடகக் குழுவொன்றில் திரைச்சீலை தீட்டினார். 1940-களில் கோவில்பட்டியில் தங்கி, மாணவர் சூழக் கலை வளர்த்தார். நாடக மேடையின் பின்னணியும், காண்பாரை நேர்நோக்கும் விழிகளும், ஒளிரும் வண்ணங்களும் கொண்ட அவர்தம் தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே எங்கும் பரவின. 1976-இல் மறைந்தார்.

ஜப்பானிய ஓவியர் தகாஷி முரகாமி, மரபோவியத்தில் முனைவர் பட்டம் பெற்றபின் கேலிச்சித்திர உருவங்களைத் தீட்டி, உயர்கலைக்கும் பொதுக்கலைக்கும் இடையிலான வேலியைத் தகர்த்தாரென உலகம் போற்றுகிறது. கோவில்பட்டியில் அவ்வேலி முன்னரே சாய்ந்துவிட்டது.

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், 1387-88-இல் இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறு வண்ணத்தொடராய் விரிகிறது. எழுத்தறியாதாரும் அண்ணாந்து கற்ற நூல் அது. அவ்விதானத்தைக் காக்கின்றோம், நாட்காட்டியையோ தை பிறக்குமுன் எரிக்கின்றோம்.

உருவம் தவிர்க்கும் எம்மனோர் இல்லங்களிலும் கஅபாவும் நாகூர் மினாராக்களும் சிவகாசித் தாளிலேயே வந்தமர்ந்தன. எனவே இது ஒரு சமயத்தார் செல்வமன்று. மாணவச் செல்வங்களே! பழைய நாட்காட்டியை எறியுமுன் அதன் மூலையிலுள்ள ஓவியர் கையொப்பத்தைப் படியுங்கள். துறை நூலகத்திற்குக் கொணருங்கள். பாட்டனார் நாளும் கண்ட படம் பேரர்க்கு வரலாறாகட்டும்.