ரயில் சத்தத்துக்கு அடுத்த பத்தி

ஜூன் 9

மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஒரு வருஷம். டிஸ்லெக்சியா சான்றிதழோடு தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிந்தாயிற்று, பாடம் வீட்டில்தான். 'கொ' என்பது காதுக்கு ஒரே ஒலி. தாளிலோ முன்னால் ஒரு கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் ஒரு கால். மூன்றையும் கூட்டி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் அவனுக்கு நழுவிவிடுகிறது. ஆனால் போன கோயில் கொடையில் விடிய விடியக் கேட்ட வில்லுப்பாட்டை மறுநாள் ஆச்சியிடம் ஒரு கிளைக்கதை விடாமல் சொன்னவன் இவன். இவன் காதால் படிப்பவன் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜூன் 14

செல்போன் வாசித்த பாடம் சரிவரவில்லை. படத்தைத் தாண்டிப் போகிறது, அட்டவணையை ஒரே மூச்சில் கொட்டுகிறது. இனி நானே வாசித்துப் பதிவு செய்கிறேன். விடியற்காலை, ஃபேனை நிறுத்திவிட்டு. ஒரு பதிவு எட்டு நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். அச்சை வாசிக்க இயலாதவர்களுக்காகப் புத்தகத்தை ஒலியாக்க 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. இதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலில் உறுதி செய்த நாடும் இந்தியாதான். இத்தனை வருஷத்தில் ஒரு ஆசிரியர்கூட இதை எனக்குச் சொல்லவில்லை என்பது வலிக்கிறது.

ஜூலை 2

வெறுமனே கேட்டால் தூங்கிவிடுகிறான். புத்தகத்தை விரித்து, விரல் வரியோடு போனால்தான் நிற்கிறது. இன்று ஒரு கேள்வி கேட்டேன். "எம்மா, நடுவுல திருச்செந்தூர் ரயில் சத்தம் வருமில்லா, அதுக்கு அடுத்தாப்லதான் அமிலம், காரம்" என்று அந்தப் பத்தியை அப்படியே சொன்னான். சத்தம் விழுந்த பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தேன். இனி அழிக்க மாட்டேன்.

ஜூலை 20

சாயங்காலம் ஆதிச்சநல்லூர் பரம்புக்குப் போனோம். 114 ஏக்கர் செம்மண் மேடு. 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் தோண்டியதையும், 1899இல் அலெக்சாண்டர் ரியா தொடங்கிய அகழாய்வையும் முந்தின நாளே பதிவு செய்து கொடுத்திருந்தேன். இயர்போனில் கேட்டபடி நடந்தான். கண்ணாடித் தரைக்குக் கீழே குழிக்குள் தாழிகள் கிடப்பதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு, நான் கேட்காமலே, பலகையில் விரல் வைத்து "முதுமக்கள் தாழி" என்று வாசித்தான். ல, ள, ழ மூன்றும் அவனுக்கு எப்போதும் குழப்பம். அந்தச் சொல் ஏற்கெனவே காதில் குடியேறியிருந்ததால் எழுத்து இடறவில்லை. நான் பேசாமல் நின்றேன்.

ஆகஸ்ட் 3

தேர்வில் இவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். அதற்கும் பழக்கம் வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா எழுத, இவன் சொன்னான். முதலில் அவசரம், பிறகு, "அக்கா, கடைசி வரியை ஒருக்க வாசிங்க" என்று கேட்கப் பழகிவிட்டான். சமூக அறிவியலில் நாலு பதில் முடிந்தது.

நாளை வடிவியல். வட்டத்துக்குள் வரைந்த முக்கோணத்தைக் குரலில் எப்படிச் சொல்வது? இரண்டு தடவை பதிவு செய்து பார்த்தேன், எனக்கே புரியவில்லை. காலையில் ஈர்க்குச்சியும் வளையலும் எடுத்து வைக்க வேண்டும்.